வாட் ஏறுகிறது, வளைவு வந்தால் பயம்

நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் ட்ரையத்லான் போட்டிக்குப் பயிற்சி பெற வருகிறவர்களில், நீச்சலுக்குப் பயப்படுகிறவர்கள் முதல் நாளே அதைச் சொல்லிவிடுகிறார்கள். சைக்கிளுக்குப் பயப்படுகிறவர்கள் வாயே திறப்பதில்லை. சின்ன வயதிலேயே கற்றுக்கொண்ட விஷயம் ஆயிற்றே, இந்த வயதில் போய் "எனக்கு வளைவில் திரும்பப் பயமாக இருக்கிறது" என்று எப்படிச் சொல்வது? அதனால் அந்தப் பயம் வேறு வேறு வடிவில் வெளியே வரும். இறக்கம் வந்ததும் முழங்கை விறைத்துக்கொள்ளும். மேடு பள்ளம் இல்லாத, வளைவு இல்லாத போட்டியாகத் தேடித் தேடிப் பெயர் கொடுப்பார்கள். சாலையில் ஓட்டும் நாட்கள் குறைந்து, வீட்டுக்குள் டிரெய்னரில், அதாவது சைக்கிளைப் பூட்டி நின்ற இடத்திலேயே மிதிக்கும் கருவியில், ஓட்டும் நாட்கள் கூடும்.

ட்ரையத்லானில் நேரத்தை அதிகம் சாப்பிடுவது சைக்கிள்தான். ஒலிம்பிக் தூரத்தில் 1.5 கி.மீ. நீச்சல், 10 கி.மீ. ஓட்டம், நடுவில் 40 கி.மீ. சைக்கிள். முழு தூரப் போட்டியில் அது 180 கி.மீ. பெரும்பாலோருக்கு மொத்த நேரத்தில் பாதியாவது சைக்கிள் மேல்தான் கழியும். ஆகவே எல்லோரும் அதில்தான் பணத்தையும் உழைப்பையும் கொட்டுகிறார்கள்: எத்தனை வாட் சக்தியில் மிதிக்கிறோம் என்று காட்டும் பவர் மீட்டர், காற்றுத் தடையைக் குறைக்கும் ஆழமான ரிம், ஏரோ ஹெல்மெட். தப்பில்லை. ஆனால் டிரெய்னரில் பூட்டிய சைக்கிள் உங்கள் காலுக்கும் இதயத்துக்கும்தான் பாடம் எடுக்கும். அதில் சைக்கிள் சாயாது, வழுக்காது, எதிரே நாய் ஓடி வராது. குளிர்காலம் முழுக்க அதிலேயே ஓட்டிவிட்டு நேராகப் போட்டிக்குப் போகிறவர், பலமான காலோடும் பழகாத கையோடும் போகிறார்.

"கையாளும் திறமை எல்லாம் பந்தய சைக்கிள்காரர்களுக்கு, நாங்கள் கூட்டமாக ஓட்டுவதில்லையே" என்று சிலர் கேட்பார்கள். கணக்குப் பார்த்துவிடுவோம். 40 கி.மீ.-யை 10 கி.மீ. சுற்றுகளாகப் பிரித்து, இரண்டு முனையிலும் யூ-டர்ன் வைத்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள். ஏழெட்டு யூ-டர்ன் வரும். என்னிடம் பயிற்சி பெற்ற ஒருவர் இப்படியொரு போட்டியில் ஒவ்வொரு திருப்பத்திலும் நடை வேகத்துக்கு இறங்கி, ஷூவோடு பூட்டிக்கொள்ளும் பெடலிலிருந்து ஒரு காலைக் கழற்றித் தரையைத் தேய்த்துத் திரும்பினார். அப்புறம், விட்ட வேகத்தைப் பிடிக்க எழுந்து நின்று மிதித்தார். போட்டி முடிந்து அவருடைய பவர் பதிவைத் திறந்தால் ரம்பப் பல் மாதிரி இருந்தது. திருப்பத்தில் போன நேரம் பெரிதில்லை. ஒவ்வொரு தடவையும் தன் எல்லைக்கு மேலே போய் மிதித்தாரே, அதன் விலையை ஓட்டத்தின் கடைசிக் கிலோமீட்டர்களில் கொடுத்தார். உடல் வலுவில் அவருக்குக் குறையே இல்லை. பயிற்சித் திட்டத்தில் நான் மாற்றியது ஒன்றே ஒன்று: ஒரு கடினமான இடைவெளிப் பயிற்சியை (வேகமாக மிதிப்பதும் ஆறுவதும் மாறி மாறி வருவது) எடுத்துவிட்டு, அந்த இடத்தில் காலி மைதானத்தில் திரும்பிப் பழகச் சொன்னேன்.

முதலில் பிரேக். முன் பிரேக்கைத் தொட்டால் தலைக்குப்புற விழுவோம் என்று சின்ன வயதில் யாரோ சொன்னதை இன்னும் நம்புகிறவர்கள் நிறைய. நிறுத்தும் சக்தியில் பெரும்பங்கு முன் பிரேக்கில்தான் இருக்கிறது. வேகம் குறையும்போது உடல் எடை முன் சக்கரத்தின் மேல் போய் இறங்கும், பின் சக்கரம் லேசாகிவிடும். லேசான சக்கரத்தை அழுத்திப் பிடித்தால் அது சறுக்கத்தான் செய்யும். பின் பிரேக்கை மட்டும் நம்பினால் நிற்கும் தூரம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும்.

காய்ந்த சாலை, நல்ல பிரேக், இரண்டையும் சரியாகப் பிடிக்கிறீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். 30 கி.மீ. வேகத்தில் நிற்க 7 மீட்டர் போல ஆகும், 40-இல் 12 அல்லது 13 மீட்டர், 50-இல் 20 மீட்டர். வேகம் இரண்டு மடங்கானால் நிற்கும் தூரம் நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூட இயற்பியல். இதோடு, ஆபத்தைப் பார்த்துக் கை பிரேக்குக்குப் போகிற நேரத்தையும் சேர்க்க வேண்டும். 40 கி.மீ. வேகத்தில் ஒரு விநாடிக்கு 11 மீட்டர் போய்விடுகிறோம். ஏரோ பாரில், அதாவது முழங்கையை ஊன்றிக் குனிந்து ஓட்ட ஹேண்டில்பாரிலிருந்து முன்னால் நீளும் கம்பியில், படுத்திருக்கிறவருடைய கை பிரேக்கில் இல்லவே இல்லை. முழங்கையைத் தூக்கி, கையை வெளியே கொண்டுவந்து, பிரேக்கைத் தேடிப் பிடிப்பதற்குள் அந்த 11 மீட்டர் கழிந்திருக்கும்.

பழகுவதற்கு ஒரு காலி மைதானமும் தரையில் சாக்பீஸ் கோடும் போதும். 20 கி.மீ. வேகத்தில் வந்து, கோட்டைத் தொட்டதும் பிரேக் பிடியுங்கள். முதலில் பின் பிரேக் மட்டும், அடுத்து முன் பிரேக்கை மட்டும் கொஞ்சம் கொஞ்சமாக அழுத்திப் பாருங்கள், கடைசியில் இரண்டும் சேர்த்து. எங்கே நின்றீர்கள் என்று ஒவ்வொரு தடவையும் அடையாளம் வையுங்கள். பிரேக்கைப் பிடிக்கும் அதே நொடியில் இடுப்பு சீட்டுக்குப் பின்னால் நகர வேண்டும், கை உடலின் எடையைத் தாங்க வேண்டும், இரண்டு பெடலும் தரைக்கு இணையாக இருக்க வேண்டும். விரல் மெதுவாக இறுக வேண்டும், சட்டென்று பிடுங்கக் கூடாது. பின் சக்கரம் எழும்புகிற மாதிரித் தெரிந்தால் முன் பிரேக்கை ஒரு துளி தளர்த்தினால் போதும், அது உட்கார்ந்துவிடும். இதை ஒரு தடவை உடம்பால் உணர்ந்துவிட்டால் முன் பிரேக் பயம் தானே போய்விடும். மழையில் இதே பயிற்சியைக் குறைந்த வேகத்தில் செய்து பாருங்கள். சக்கரத்தின் விளிம்பையே பிடிக்கும் ரிம் பிரேக் முதலில் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்க ஆரம்பிக்கும். டிஸ்க் பிரேக்கில் அந்தத் தாமதம் குறைவு, ஆனால் ஈரத்தில் டயரின் பிடிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

வளைவில் முக்கால்வாசி வேலை வளைவுக்கு முன்பே முடிந்திருக்க வேண்டும். வேகத்தை நேர்க்கோட்டில் குறைத்துவிட வேண்டும். உள்ளே நுழைந்த பிறகு, சாய்ந்திருக்கும்போது பிரேக்கை இறுக்கினால், திரும்புவதற்குத் தேவையான பிடிப்பை டயரிடமிருந்து நீங்களே பிடுங்கிக்கொள்கிறீர்கள். வெளிப்பக்கப் பெடல் கீழே, அதன் மேல் உடல் எடை. உள்பக்கப் பெடல் கீழே இருந்தால் சாயும்போது தரையில் இடிக்கும், அப்படி இடித்தால் பின் சக்கரம் தூக்கிப் போட்டுவிடும். கண் வளைவின் முடிவைப் பார்க்க வேண்டும். குழியையே பார்த்துக்கொண்டு போகிறவர் குழியில்தான் விழுவார், ஏனென்றால் கண் போகிற பக்கம்தான் தோள் போகும், தோள் போகிற பக்கம்தான் சைக்கிள் போகும். நல்ல வேகத்தில் இடது பக்கம் திரும்ப, இடக் கையால் ஹேண்டில்பாரை லேசாக முன்னால் தள்ளிப் பாருங்கள். சைக்கிள் தானாக இடப்பக்கம் சாயும். கேட்பதற்குத் தலைகீழாகத் தோன்றும், ஆனால் நாம் எல்லோரும் தெரியாமலே செய்வது இதைத்தான். தெரிந்து செய்தால் வளைவின் நடுவில்கூடப் பாதையைத் திருத்திக்கொள்ளலாம்.

சாலையில் தீட்டிய வெள்ளைக் கோடு, இரும்பு மூடி, உதிர்ந்த இலை, சிந்திய மணல் ஆகியவற்றின் மேல் நிமிர்ந்தபடி, பிரேக் பிடிக்காமல், ஹேண்டிலைத் திருப்பாமல் கடக்க வேண்டும். ஈரமாக இருந்தால் இன்னும் கவனம். ரயில் தண்டவாளத்தை முடிந்தவரை செங்குத்தாகக் கடக்க வேண்டும்.

யூ-டர்ன் வேறு ரகம். அங்கே வேகம் குறைவு, சமநிலைதான் எல்லாம். திரும்புவதற்கு முன்பே கியரை இறக்கிவிடுங்கள். கனமான கியரில் திரும்பிவிட்டு மிதிக்க முடியாமல் தள்ளாடுகிறவர்களை ஒவ்வொரு போட்டியிலும் பார்க்கலாம். திரும்பும்போது பின் பிரேக்கை லேசாகத் தொட்டுக்கொண்டே வேகத்தை அடக்குங்கள், முன் பிரேக் வேண்டாம். முகவாய் தோளுக்கு மேலே வரும் அளவுக்குத் தலையைத் திருப்பி, வெளியேறும் திசையைப் பாருங்கள். இங்கேயும் வெளிப்பக்கப் பெடல் கீழேதான். அதற்கு இன்னொரு காரணமும் உண்டு: சின்ன பிரேம் சைக்கிள்களில் ஹேண்டிலை நன்றாகத் திருப்பும்போது முன் சக்கரத்தின் பின்பகுதி, வெளிப்பக்கக் கால் முன்னால் இருந்தால், ஷூவின் நுனியில் இடிக்கும். மெதுவான வேகத்தில் விழுகிறவர்களில் சிலர் எதனால் விழுந்தோம் என்றே தெரியாமல் எழுந்திருப்பார்கள். காரணம் இதுதான். மைதானத்தில் 8 மீட்டர் அகலத்தில் தொடங்கி, கோடுகளைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கிக்கொண்டே வாருங்கள். இரண்டு பக்கமும் திரும்பிப் பழகுங்கள். ஒரு பக்கம் சுலபமாக வரும், இன்னொரு பக்கம் அடம் பிடிக்கும். அடம் பிடிக்கிற பக்கத்துக்குத்தான் அதிக நேரம் கொடுக்க வேண்டும்.

ஒற்றைக் கையில் ஓட்டுவதற்கு ஒரு சின்ன உத்தி. பாட்டிலை எடுக்கும்போது மற்றக் கையை ஹேண்டில்பாரின் ஓரத்தில் வைக்காமல், அதைச் சைக்கிளோடு இணைக்கும் நடுத் துண்டான ஸ்டெம்முக்குப் பக்கத்தில் வையுங்கள். ஓரத்தில் இருக்கிற கை, உடலின் ஒவ்வொரு அசைவையும் ஹேண்டிலுக்குக் கடத்திவிடும். பின்னால் திரும்பிப் பார்ப்பதும் இப்படியே. கழுத்தை மட்டும் திருப்பினால் தோள் கூடவே இழுத்துக்கொண்டு போய் சைக்கிளும் அந்தப் பக்கம் வழுகும். திரும்பிப் பார்க்கிற பக்கத்துக் கையை எடுத்துத் தொடையில் வைத்துவிட்டுத் திரும்புங்கள், சைக்கிள் கோட்டிலேயே நிற்கும். தரையில் ஒரு நீளமான கோட்டின் மேல் ஓட்டிக்கொண்டே, பின்னால் நிற்கும் நண்பர் எத்தனை விரல் காட்டுகிறார் என்று சொல்லிப் பழகலாம்.

இது வெறும் வித்தை இல்லை, போட்டி விதியே இதைக் கேட்கிறது. ஒருவர் பின்னால் ஒட்டிக்கொண்டு ஓட்டக் கூடாத போட்டிகளில், ஒலிம்பிக் தூரம் வரை 10 மீட்டர், அதைவிட நீண்ட தூரங்களில் 12 மீட்டர் இடைவெளி விடுவது பொது வழக்கம். அந்த எல்லைக்குள் நுழைந்துவிட்டால் முறையே 20, 25 விநாடிக்குள் முந்திவிட வேண்டும். தாண்டும் முன் பின்னால் யாராவது வருகிறாரா என்று பார்க்காமல் விலகுகிறவர்களால்தான் போட்டியில் மோதல் நடக்கிறது.

ஏரோ பாரைப் பற்றி என் கருத்து கொஞ்சம் கறார். மணிக்கு 30 கி.மீ.-யைத் தாண்டினால் நாம் செலவழிக்கும் சக்தியில் பெரும்பகுதி காற்றைக் கிழிக்கத்தான் போகிறது, அதில் பெரிய தடை நம் உடம்பே. ஆகவே படுத்து ஓட்டினால் லாபம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் குழுவாக ஓட்டும்போது, அடுத்தவர் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கும்போது, தண்ணீர் தரும் இடத்தில், போக்குவரத்து நடுவில், பக்கக் காற்று அடிக்கும் இறக்கத்தில் அதைத் தொடவே கூடாது. ஆழமான ரிம் போட்ட முன் சக்கரத்தைப் பக்கக் காற்று திடீரென்று தள்ளும். அப்போது ஹேண்டிலை இறுக்கிப் பிடிப்பதுதான் இயல்பாக வரும். அதற்கு நேர்மாறாகக் கையைத் தளர்த்துங்கள். வேகமான இறக்கத்தில் ஹேண்டில் நடுங்க ஆரம்பித்தாலும் அதே வைத்தியம்: பிரேமின் மேல் கம்பியை இரண்டு முழங்காலாலும் இறுக்கிப் பிடித்து, பிடியைத் தளர்த்தி, மெதுவாக வேகத்தைக் குறையுங்கள்.

உடல் பயிற்சியைப் பற்றி எழுதியே எல்லோரும் பக்கம் நிரப்புகிறார்கள், நான் சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். வாரத்துக்கு மூன்று நாள் சைக்கிள் ஓட்ட முடிந்தால் ஒரு நாள் நீண்ட, சுலபமான சவாரி, ஒரு நாள் கடினமான இடைவெளிப் பயிற்சி, ஒரு நாள் போட்டி வேகம். ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கக் கூடிய அதிகபட்ச சக்தியை அளவுகோலாக வைத்தால், பாதி தூரப் போட்டியில் அதில் 75 முதல் 85 சதவீதம், முழு தூரத்தில் 65 முதல் 75 சதவீதம் என்பது பலருக்குப் பொருந்தும் கணக்கு. புதிதாக வருகிறவர்கள் இந்தக் கீழ் எல்லையிலேயே இருப்பது நல்லது. சைக்கிளை விட்டு இறங்கியதும் பத்து நிமிடமாவது ஓடிப் பாருங்கள். அந்த மரத்துப்போன கால் முதல் தடவை எல்லோரையும் பயமுறுத்தும். கையாளும் பயிற்சிக்குத் தனி நாள் ஒதுக்கச் சொன்னால் யாரும் ஒதுக்க மாட்டார்கள். அதனால் ஒவ்வொரு சைக்கிள் சவாரியின் முதல் பதினைந்து நிமிடத்தையும் அதற்கே எடுத்துக்கொள்ளச் சொல்கிறேன். உடம்பு சூடேறவும் அந்த நேரம் வேண்டும்தானே. களைத்த பிறகு இதைப் பழகினால் கை தப்பாகத்தான் கற்றுக்கொள்ளும்.

சைக்கிளையும் பாருங்கள். டயரைக் கல்லாக ஊதினால் வேகம் என்ற எண்ணம் பழையது. 28 மி.மீ. டயரில் கொஞ்சம் குறைந்த காற்று கரடுமுரடான சாலையில் வேகத்தைக் குறைக்காது, வளைவில் பிடிப்பையும் கூட்டும். ஒரு தடவை தலை மோதி விழுந்த ஹெல்மெட்டை, விரிசல் தெரியாவிட்டாலும், மாற்றிவிடுங்கள். போட்டியில் சைக்கிளை ஸ்டாண்டிலிருந்து எடுக்கும் முன்பே ஹெல்மெட் வாரைப் பூட்டியிருக்க வேண்டும், திரும்ப மாட்டிய பிறகுதான் கழற்ற வேண்டும். விதியும் அதுதான். பெடலில் ஷூவை முன்கூட்டியே மாட்டி வைத்து ஓடி வந்து தாவி ஏறுகிற வித்தை, முதல் சில போட்டிகளுக்கு வேண்டவே வேண்டாம். அதில் மிச்சமாகும் சில விநாடிகளுக்காக ஏறும் கோட்டிலேயே விழுகிறவர்கள் ஏராளம்.

"ட்ரையத்லானுக்கென்றே செய்த சைக்கிள் வாங்கட்டுமா?" என்பது எனக்கு வரும் கேள்விகளில் முதலிடம் பிடிப்பது. சாதாரண ரோடு சைக்கிளில் எந்தப் பக்கமும் யூ-டர்ன் எடுக்கவும், கோடு விலகாமல் திரும்பிப் பார்க்கவும், 40 கி.மீ. வேகத்திலிருந்து பதறாமல் நிறுத்தவும் வந்துவிட்டால், தாராளமாக வாங்குங்கள். அதுவரை ரோடு சைக்கிளிலேயே இருங்கள். அப்புறம் வேண்டுமானால் அதன் மேல் கழற்றி மாட்டும் ஏரோ பார் ஒன்றைப் போட்டு, ஆள் நடமாட்டமில்லாத நேர்ச் சாலையில் ஐந்து ஐந்து நிமிடமாகப் படுத்துப் பழகுங்கள்.