எந்த ஊரில் வேலை பார்க்கப் போகிறீர்கள்?

கல்விக் கடன் வாங்கும் முன் ஆலோசனைக்கு வரும் குடும்பங்கள் பெரும்பாலும் ஒரே ஒரு எண்ணோடு வருகின்றன: அந்தப் படிப்பை முடித்தவர்களின் சராசரிச் சம்பளம். நான் முதலில் கேட்பது வேறு. படித்து முடித்ததும் பிள்ளை எந்த ஊரில் வேலை பார்க்கப் போகிறது?

இடத்துக்கு இடம் பட்டத்தின் பலன் அவ்வளவு மாறுகிறது. பெரும்பாலும் வளர்ந்த நாடுகளைக் கொண்ட ஓஇசிடி (OECD) கூட்டமைப்பின் நாடுகளில் பட்டதாரிகள், பள்ளிப்படிப்போடு நின்றவர்களைவிடச் சராசரியாக 50 சதவீதத்துக்கும் அதிகமாகச் சம்பாதிக்கிறார்கள். சிலியிலும் கொலம்பியாவிலும் பட்டதாரியின் சம்பளம், பள்ளிப்படிப்போடு நின்றவருடையதைப் போல இரு மடங்கு அல்லது அதற்கும் மேல். சுவீடன், நார்வேயில் சுமார் கால் பங்குதான் கூடுதல். அங்கே தொழிற்சங்க ஒப்பந்தங்கள் பட்டம் இல்லாதவருக்கும் நல்ல ஊதியம் வாங்கித் தருகின்றன. அதற்காக அங்கே படிப்பது நஷ்டம் என்று ஆகிவிடாது. உள்நாட்டு மாணவர்களுக்கு அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணமே இல்லை. வரவை மட்டும் பார்த்தால் இது தெரியாது.

ஒரே நாட்டுக்குள்ளும் இதே கதைதான். பெருநகரத்தில் சம்பளம் அதிகம், சரி. வாடகையும் போக்குவரத்தும் போனபின் கையில் நிற்பது எவ்வளவு? இன்னொன்றையும் பலர் கவனிப்பதில்லை. பட்டதாரிகள் நிறைந்த நகரங்களில் பட்டம் இல்லாதவர்களின் சம்பளமும் உயர்கிறது என்று பொருளாதார அறிஞர் என்ரிகோ மொரெட்டி அமெரிக்க நகரங்களை ஆராய்ந்து காட்டியிருக்கிறார். ஆகவே பெருநகரப் பட்டதாரியின் சம்பளத்தைச் சிற்றூர்க்காரரின் கூலியோடு ஒப்பிடுவது தவறு. அந்தந்த ஊருக்குள்ளேயே, பட்டம் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் உள்ள வித்தியாசத்தைப் பாருங்கள். படிப்பு தரும் பலன் அந்த வித்தியாசம்தான்.

படிப்பின் வகையும் முக்கியம். செவிலியர், ஆசிரியர் வேலைகள் எந்த ஊரிலும் உண்டு. நிதிச் சந்தை, மென்பொருள் வடிவமைப்பு போன்றவை சில நகரங்களில்தான் குவிந்திருக்கின்றன. பெற்றோரைப் பார்த்துக்கொள்ள ஊரிலேயே இருக்க வேண்டியவர், இந்த வகைப் படிப்புக்குப் பெரிய கடன் வாங்குவது எனக்குக் கவலை தருகிறது. ஊர் மாறினால் சம்பளம் மாறும். மாதத் தவணை மாறாது. தொலைவிலிருந்தே பார்க்கும் வேலை கிடைக்கலாம்தான், ஆனால் அதை நம்பிக் கையெழுத்துப் போடச் சொல்ல எனக்கு மனம் வருவதில்லை.

கையெழுத்துக்கு முன், போக வாய்ப்புள்ள இரண்டு ஊர்களை எழுதுங்கள். அந்தத் துறையில் புதிதாகச் சேர்ந்தவர்களிடம் சம்பளத்தையும் வாடகையையும் நேரில் கேளுங்கள். அப்புறம், இரண்டில் எங்கே குறைவாக மிஞ்சுகிறதோ அந்தத் தொகையை வைத்துத் தவணையைக் கணக்கிடுங்கள்.