பயறு முளைப்பதுபோல ஒரு பங்கசு

வெள்ளவத்தையிலிருந்து ஒரு தாய் எழுதியிருந்தார். மகனுக்கு ஆறு வயது, ஓட்டிசம் உண்டு. வெறும் இடியப்பம், ஒரே வகை பிஸ்கட், கோழிக்கூட்டு வாழைப்பழம், இந்த மூன்றையும் தவிர வேறெதையும் வாயில் வைக்க மாட்டானாம். வயிறு ஊதிப்போகிறது, இரவில் எழும்பி அழுகிறான். "வயிற்றில் ஈஸ்ட் பெருகியதால்தான் ஓட்டிசமே வந்தது. பாண், பருப்பு, பழம், சீனி எல்லாவற்றையும் நிறுத்தி மூன்று மாதம் பங்கசு மருந்து கொடுத்தால் பிள்ளை கதைக்கத் தொடங்கும்" என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிறுநீரை வெளிநாட்டுக்கு அனுப்பிப் பரிசோதிக்கப் பெரிய தொகையும் கேட்டிருக்கிறார்கள். இது உண்மையா என்பது அவருடைய கேள்வி.

முதலில் பதிலைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளையின் வயிற்று வலி உண்மை, அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் பங்கசுதான் ஓட்டிசத்துக்குக் காரணம் என்பதற்கு ஆதாரம் இல்லை. பங்கசு மருந்தால் பிள்ளை பேசத் தொடங்கும் என்பதற்கும் இல்லை. அப்படியானால் இந்தக் கதை எங்கிருந்து வந்தது? அதற்கு, ஈஸ்ட் என்று அவர்கள் சொல்லும் அந்தப் பங்கசை அறிந்துகொள்ள வேண்டும். எனக்கு மிகவும் பிடித்த உயிர்களில் அது ஒன்று.

ஈஸ்ட் என்றதும் அப்ப மாவைப் பொங்கவைக்கும் மதுவம்தான் நினைவுக்கு வரும். அது அரும்பிப் பெருகுவதைப் பள்ளிக்கூடத்தில் படம் வரைந்திருப்பீர்கள். இங்கே பேசப்படுவது அதன் தூரத்து உறவான கண்டிடா அல்பிகன்ஸ். எந்த நோயும் இல்லாத ஏராளமானோரின் குடலில் அது பேசாமல் வாழ்கிறது. குடலில் பெரும்பான்மை பற்றீரியாதான், பங்கசுகள் மிகச் சிறிய பங்கு. ஆகவே மலப் பரிசோதனையில் கண்டிடா தெரிந்தது என்பதை மட்டும் வைத்து நோய் என்று சொல்ல முடியாது.

கம்பசில் படித்த காலத்தில் இதை நுணுக்குக்காட்டியில் பார்த்தேன். கண்டிடாவைக் கொஞ்சம் சீரத்தில், அதாவது இரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில் கலந்து, 37 பாகை செல்சியஸில் வைத்தோம். தொடக்கத்தில் எல்லாம் முட்டை வடிவக் கலங்கள், மைக்ரோமீற்றர் கணக்கில் சிறியவை. இரண்டு, மூன்று மணித்தியாலம் கழித்துப் பார்த்தால் ஒவ்வொன்றிலிருந்தும் ஒரு குழாய் நீண்டிருந்தது. இரவு ஊறவைத்த பயறு காலையில் முளைவிட்டிருக்குமே, அச்சொட்டாக அப்படி. ஆய்வுகூடங்களில் கண்டிடா அல்பிகன்ஸை அடையாளம் காண இன்றைக்கும் இந்தச் சோதனையைச் செய்கிறார்கள்.

அது உருண்டையாக இருக்கும்வரை பெரிய தொல்லை இல்லை. முளைவிட்டால் இழையாக நீண்டு குடற்சுவரின் கலங்களைத் துளைக்கப் பார்க்கும். எப்படித் துளைக்கிறது என்பதை 2016இல் லண்டனிலும் ஜெர்மனியின் ஜெனாவிலும் இருந்த ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். இழை, கலத்துக்குள் அழுத்திப் புகும் இடத்தில் ஒரு நச்சைச் சுரக்கிறது. வெறும் 31 அமினோ அமிலங்கள் கோத்த சின்னஞ்சிறு சங்கிலி, பெயர் கண்டிடாலைசின். அது கலத்தின் மென்சவ்வில் ஓட்டை போட்டுவிடும்.

சரி, நம் குடலிலும் 37 பாகைதானே? அங்கே ஏன் எல்லாம் முளைவிடுவதில்லை? பற்றீரியாக்கள் விடுவதில்லை, அதுதான் காரணம். பருப்பு, கீரை, பழம் ஆகியவற்றில் நம்மால் செரிக்க முடியாத நார் பெருங்குடலுக்குப் போகிறது. பற்றீரியாக்கள் அதை நொதிக்கவைத்து பியூட்டிரேற் போன்ற சிறிய அமிலங்களை உண்டாக்குகின்றன. அந்த அமிலங்கள் கண்டிடாவின் முளையை அடக்குகின்றன. நம் உடலும் சும்மா இருப்பதில்லை. குடலில் சுரக்கும் ஐஜிஏ என்ற பிறபொருளெதிரி முக்கியமாக இழை வடிவத்தின் மேற்பரப்பில் உள்ள புரதங்களைத்தான் தேடிப் பிடிக்கிறது என்று 2021இல் வெளியான ஆய்வுகள் காட்டின. குடியிருப்பவரை வீட்டுக்காரர் துரத்தவில்லை, கையில் கத்தி எடுத்தால் மட்டுமே பிடிக்கிறார். இதை முதன்முதலாக வாசித்த அன்று எனக்கு நித்திரை வரவில்லை.

பங்கசுக் கதையில் உள்ள உண்மைத் துளியும் இங்கேதான் இருக்கிறது. அன்ரிபயோட்டிக் மருந்து இந்தக் காவல் பற்றீரியாக்களையும் கொல்லும். அப்போது கண்டிடா பெருகும். கைக்குழந்தையின் வாயில் வெள்ளை படிவதும், நப்கின் கட்டும் இடம் சிவந்து போவதும் உண்மையான கண்டிடா நோய்கள். அவற்றுக்கு மருந்தும் உண்டு.

ஆனால் இங்கிருந்து ஓட்டிசத்துக்குத் தாவ முடியாது. ஓட்டிசம் உள்ள பிள்ளைகளுக்கு வயிற்றுத் தொல்லைகள் ஏறக்குறைய நான்கு மடங்கு கூடுதல் என்று 2014இல் பல ஆய்வுகளைத் தொகுத்துக் காட்டினார்கள். அது உறுதி. பங்கசு விடயத்தில் அவ்வளவு உறுதி இல்லை. இத்தாலியில் 2017இல் ஓட்டிசம் உள்ள 40 பேரையும் இல்லாத 40 பேரையும் ஒப்பிட்டார்கள். கண்டிடாவின் சராசரிப் பங்கு இரண்டு மடங்குக்கு மேல் இருந்தது. ஆளுக்காள் வேறுபாடு மிகப் பெரிதாக இருந்ததால் அதை வைத்துத் திடமாக எதுவும் சொல்ல முடியவில்லை. அப்புறம் 2021இல் அவுஸ்திரேலியாவில் 247 பிள்ளைகளின் மலத்தை ஆராய்ந்தபோது வேறொரு திசை தெரிந்தது. சுவை, மணம், தொடுகை குறித்த கூச்சத்தால் பிள்ளை சில உணவுகளை மட்டுமே உண்கிறது, உணவு வகை குறைவதால் நுண்ணுயிர் வகையும் குறைகிறது. அதாவது ஓட்டிசத்திலிருந்து குடலுக்கு. நாம் தலைகீழாகப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

சிறுநீர்ப் பரிசோதனையின் கதை 1995இல் தொடங்குகிறது. ஓட்டிச இயல்புகள் கொண்ட இரண்டு சகோதரர்களின் சிறுநீரில் அரபினோஸ் என்ற வெல்லம் கூடுதலாக இருந்ததாக அமெரிக்காவில் ஒரு கட்டுரை வந்தது. அதைக் குடலில் ஈஸ்ட் பெருகியதன் அடையாளமாக எடுத்துக்கொண்டார்கள். இரண்டே பிள்ளைகள். அரபினோஸ் அப்பிளிலும் முந்திரிகையிலும்கூட உண்டு.

எனக்குக் கோபம் வருவது இன்னொரு இடத்தில். மருந்து தொடங்கியதும் பிள்ளை இன்னும் அழுதால் "பங்கசு சாகிறது, மருந்து வேலை செய்கிறது" என்கிறார்கள். அழுகை குறைந்தாலும் மருந்து வேலை செய்கிறதாம். எப்படி நடந்தாலும் சரியாகிவிடும் ஒரு கூற்றை அறிவியல் என்று சொல்ல முடியாது. என் அம்மம்மா செத்தல் மிளகாய் சுற்றி நாவூறு கழிப்பார். அதிலே பிள்ளையின் உடம்புக்குள் எதுவும் போவதில்லை. இங்கே போகிறது. சில பங்கசு மருந்துகள் ஈரலைப் பாதிக்கும். இன்னும் மோசமாக, வெளிற்றும் இரசாயனமான குளோரின் டையொக்சைட்டைக் குடிக்கக் கொடுப்போரும் உலகில் இருக்கிறார்கள். அமெரிக்க மருந்து நிர்வாகம் 2010இலும் 2019இலும் அதற்கு எதிராக எச்சரித்தது. யார் சொன்னாலும் அதைத் தொடவே வேண்டாம்.

குடலில் உறிஞ்சப்படாமல் அங்கேயே வேலை செய்யும் பங்கசு மருந்து நிஸ்ரற்றின். நியூயோர்க் மாநிலத்தில் பணியாற்றிய எலிசபெத் ஹேசன், ரேச்சல் பிரவுண் என்ற இரு பெண்கள், ஒருவர் நியூயோர்க் நகரிலும் மற்றவர் அல்பனியிலும் இருந்தபடி, மண்ணிலிருந்து எடுத்த மாதிரிகளைத் தபாலில் அனுப்பி அனுப்பி 1950இல் கண்டுபிடித்தார்கள். உரிமத்தால் வந்த 130 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட பணத்தைத் தங்களுக்கென்று எடுக்காமல் ஆய்வுகளுக்கே விட்டார்கள். இங்கே, பிட்டும் சம்பலும் பருப்பும் உண்ணும் எங்கள் பிள்ளைகளின் குடல் எப்படி இருக்கிறது என்று ஆராயவும் பணம் ஒதுக்க வேண்டும். இத்தாலியின் விடையை வெள்ளவத்தைக்கு அப்படியே கொண்டுவர முடியாது.

அந்தத் தாய் முதலில் விசாரிக்க வேண்டியது மலச்சிக்கலை. மலம் தேங்கினால் பெருங்குடல் அதன் நீரை உறிஞ்சிக்கொண்டே இருக்கும், மலம் கல்லாகும். போகும்போது நோகும் என்று பிள்ளை அடக்கும். குடலின் கடைசிப் பகுதி விரிந்து விரிந்து, மலம் வந்திருக்கிறது என்ற உணர்வே மங்கிவிடும். பிறகு கல்லைச் சுற்றித் தண்ணீராய் ஒழுகும். வீட்டில் அதை வயிற்றோட்டம் என்று நினைப்பார்கள். வயிறு நோகிறது என்று சொல்லத் தெரியாத பிள்ளை மேசை விளிம்பில் வயிற்றை அழுத்தும், கையைக் கடிக்கும், இரவில் எழும்பி அழும். பொரளையில் உள்ள ரிஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்கோ பக்கத்திலுள்ள பிள்ளை வைத்தியரிடமோ போகும்போது, எத்தனை நாளுக்கு ஒருமுறை போகிறான், எப்படிப் போகிறான் என்று இரண்டு கிழமைக்கு எழுதிய தாளைக் கொண்டுபோங்கள். அதுவரை அந்தக் கோழிக்கூட்டு வாழைப்பழத்தை நிறுத்த வேண்டாம், அக்கா. அவன் உண்ணும் மூன்றில் பற்றீரியாக்களுக்கு நார் கொண்டுபோவது பெரும்பாலும் அது ஒன்றுதான்.