மீன் பெட்டியில் காய்கறிப் பாத்தி

ராமேஸ்வரத்தை ஒட்டிய பாம்பன், மண்டபம், தங்கச்சிமடம் பக்கம் காய்கறி போட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: மண் ஈரமாக இருக்கும்போதே செடி வாடும். தண்ணீரில் உப்பு ஏற ஏற, அதை உறிஞ்ச வேருக்குக் கூடுதல் வலு வேண்டியிருக்கிறது. கடல் மணலோ ஊற்றிய நீரை நிறுத்தாது. இரண்டுக்கும் சேர்த்து ஒரு வழி, மீன் ஏற்றி அனுப்பிக் கழித்த தெர்மாகோல் பெட்டி.

உள்ளளவு இரண்டடி நீளம், ஒன்றேகால் அடி அகலம், ஓரடி ஆழம் உள்ள பெட்டி என்று வைத்துக்கொள்வோம். நல்ல தண்ணீர் நிரப்பி ஒருநாள் ஊறவிட்டுக் கொட்டுங்கள், இரண்டு முறை. ஐஸ் உருகிய நீரின் உப்பும் கவிச்சியும் போய்விடும். பக்கச் சுவரில், அடியிலிருந்து இரண்டரை அங்குல உயரத்தில், மிஞ்சும் நீர் வழிய, விரல் நுழையும் ஓட்டை ஒன்று. அடிமட்டத்தில் இன்னொன்று போட்டு மரக்கட்டையால் அடைத்துவிடுங்கள். பலரும் இந்த இரண்டாவதை விட்டுவிடுகிறார்கள். அது எதற்கு என்பது கீழே வரும்.

மேல் ஓட்டை மட்டம் வரை உடைந்த ஓட்டுத் துண்டு. அதன் இடுக்குகளில் சுமார் ஆறு லிட்டர் தண்ணீர் நிற்கும். மேலே உரச்சாக்கைக் குத்தித் துளையிட்டு விரிக்க வேண்டும். இரண்டு மூலைகளில் மட்டும் ஓட்டுத் துண்டும் சாக்கும் இல்லாமல், மண்கலவை அடிவரை இறங்க வேண்டும். திரி எண்ணெயை இழுப்பதுபோல் இந்த மூலைகள்தான் நீரை மேலே இழுக்கின்றன. வெறும் மணலின் துகள் பெரிது, இடைவெளியும் பெரிது. நீர் சில அங்குலம்தான் ஏறும். அதனால் மணல் இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு இரண்டு, மட்கிய சாணம் ஒன்று.

நார்க்கழிவில்தான் பலர் ஏமாறுகிறார்கள். உவர்நீரில் ஊறிய மட்டையின் கழிவு உப்பைச் சுமந்தே வரும். மூன்று முறையாவது ஊறவைத்துப் பிழிய வேண்டும். வடியும் நீரை டிடிஎஸ் (கரைந்த உப்பின் அளவு) காட்டும் மீட்டரில் பாருங்கள். ஊற்றிய நீரின் டிடிஎஸ் அளவுக்கு இறங்கினால் போதும்.

நீர் ஊற்றுவதற்கு, மிஞ்சிக் கிடக்கும் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை மூலையில் நிறுத்துங்கள். அடிமுனையைச் சாய்வாக வெட்டினால் அடைக்காது. குழாய் வாயையும் மேல் ஓட்டையையும் கொசுவலைத் துணியால் கட்டாவிட்டால் வளர்வது கொசுதான்.

நிரப்பிய பெட்டி ஐம்பது கிலோவுக்கு மேல் போகும். எனவே இடத்தில் வைத்துவிட்டே நிரப்ப வேண்டும். மட்டம் பார்த்து வையுங்கள். சாய்ந்தால் ஒரு பக்கம் காயும், மறுபக்கம் அழுகும். சுவர் பிதுங்காமல் இருக்கப் பழைய வலைக்கயிற்றால் இரண்டு சுற்று. வெயிலில் தெர்மாகோல் பொடிந்து உதிரும். வெளியே சுண்ணாம்பு அடிக்கலாம். எனாமல் பெயிண்ட் மட்டும் வேண்டாம், அதிலுள்ள தின்னர் பெட்டியையே கரைத்துவிடும்.

இனி அந்த இரண்டாவது ஓட்டை. 1,000 டிடிஎஸ் நீர் என்றால் லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு. நாளுக்கு இரண்டு லிட்டர் போனால் மாதம் 60 கிராம். நீர் ஆவியாகும், உப்பு போகாது; மண்ணின் மேல் வெள்ளையாகப் பூக்கும். பதினைந்து நாளுக்கு ஒருமுறை கட்டையைப் பிடுங்கி, இருப்பதிலேயே நல்ல தண்ணீரைப் பத்து லிட்டராவது மேலிருந்து மெதுவாக ஊற்றி வடியவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் கட்டையை எடுத்து வைத்துவிட்டால் அந்த வேலையை மழை பார்த்துக்கொள்ளும்.

கொத்தவரையும் பீட்ரூட்டும் உப்பைத் தாங்கும். பீன்ஸ் தாங்காது, முயலவே வேண்டாம்.

பழைய வள்ளத்துப் பலகையில் பாத்தி கட்டுவது பார்க்க அழகு. ஆனால் பாசியும் சிப்பியும் ஒட்டாமலிருக்க அடித்த பெயிண்டில் செம்புச் சேர்மங்கள் இருக்கக்கூடும். நாம் தின்னும் செடிக்கு அது ஆகாது.

கிழிந்த நைலான் வலை நல்ல காற்றுத் தடுப்பு. இரண்டு மூன்று மடிப்பாகக் கட்டினால் காற்றின் வேகம் குறையும், உப்புத் துளிகளும் ஓரளவு அதிலேயே படியும். அடைத்த சுவர் அப்படியல்ல. காற்று அதன்மேல் ஏறி மறுபக்கம் சுழன்று விழுந்து செடியை முறிக்கும். வலையைத் தொய்வில்லாமல் இழுத்து, அடியைத் தரையிலிருந்து அரையடி தூக்கிக் கட்டுங்கள். தரையில் கிடந்தால் ஓணானும் பாம்பும் சிக்கிச் சாகும்.