மைனஸ் 18-னு எழுதிக் கொடுத்தா போதுமா?

போன மாசம் ஒரு மத்தியானம், மணலிப் பக்கம் ஒரு கோல்டு ஸ்டோரேஜ் வாசலில் 40 அடி ரீஃபர் கண்டெய்னரின் (குளிரூட்டும் மெஷின் வைத்த கப்பல் பெட்டி) கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நாலு பேர் நின்றிருந்தோம். உள்ளே ஃப்ரோசன் பரோட்டாவும் துருவிய தேங்காயும். டெர்மினலில் பிளக்கில் போட்டு மூன்று நாளாகியும் ரிட்டர்ன் ஏர், அதாவது சரக்கைச் சுற்றிவிட்டு மெஷினுக்குத் திரும்பும் காற்று, மைனஸ் 9-க்குக் கீழே இறங்கவில்லை என்று கப்பல் கம்பெனிக்காரர்கள் கப்பலேற்றாமல் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

கதவோரப் பெட்டியை நீட்டினார்கள். அது வேண்டாம், உள் வரிசையின் நடுவிலிருந்து ஒன்றை உருவுங்கள் என்றேன். தேங்காய்ப் பாக்கெட்டில் கை டிரில்லால் ஒரு துளை போட்டு தெர்மாமீட்டர் முனையை உள்ளே விட்டோம். மைனஸ் 5. டிரில் முனையில் ஒட்டி வந்த தேங்காயை விரலால் அழுத்தினால் உருண்டை பிடிக்க வந்தது. நன்றாக உறைந்திருந்தால் தூளாக உதிர்ந்திருக்கும்.

சரக்குக்காரப் பையன் சின்ன வயசு. முதல் ஏற்றுமதி. “சார், மெஷின்ல வைக்க வேண்டிய செட் பாயிண்ட் மைனஸ் 18 டிகிரின்னுதானே எழுதிக் கொடுத்தோம்? மெஷின்ல ஏதோ ஃபால்ட்.”

“கண்டெய்னர்ல ஏத்தும்போது சரக்கு எத்தனை டிகிரில இருந்துச்சு தம்பி?”

“நல்லா ஜில்லுன்னு இருந்துச்சு சார்.”

இந்த ‘ஜில்லு’வை எத்தனை பேர் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன். சரக்கு கெட்டால் ஓடுகிற சர்வேயர் வேலை என்னுடையது. கண்டெய்னர் மெஷின் உண்மையிலேயே பழுதாகிப் போன கேஸ்களும் வரும், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் பாதிக்கு மேல் இந்த ‘ஜில்லு’ கேஸ்தான். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

ரீஃபர் கண்டெய்னர் சரக்கை உறைய வைக்காது. உறைந்து வந்த சரக்கை உறைந்தபடியே வைத்திருக்கும். அதற்காக மட்டுமே செய்த பெட்டி அது. வீட்டு ஃப்ரீசரில் ஐஸ் டிரேயை வைத்தால் காலையில் ஐஸ் ஆகிறதே என்று கேட்பீர்கள். டிரேயில் இருப்பது ஒரு டம்ளர் தண்ணீர். நீங்கள் அடுக்கியிருப்பது இருபது டன்னுக்கு மேல், அதுவும் அட்டைப்பெட்டிக்குள், ஒன்றோடொன்று ஒட்டி. 80 டிகிரி வெந்நீரைப் பூஜ்ஜியம் வரை இறக்க எவ்வளவு வெப்பத்தை எடுக்க வேண்டுமோ, ஏறக்குறைய அவ்வளவு வெப்பத்தை எடுத்தால்தான் பூஜ்ஜியத்தில் இருக்கும் தண்ணீர் ஐஸாகவே மாறும். பிளாஸ்ட் ஃப்ரீசரில் மைனஸ் 35, 40 டிகிரிக் காற்றைப் புயல் மாதிரி அடித்து அந்த வேலையைச் செய்கிறார்கள். ரீஃபரின் ஃபேன் அடிப்பது அதற்கு முன்னால் விசிறிக்காற்று. பெட்டிகளுக்கு வெளியே சுற்றிவந்து, சுவர் வழியாகவும் கூரை வழியாகவும் கசிந்து வரும் வெயிலின் சூட்டை வாரிக்கொண்டு போவதுதான் அதன் வேலை. அடுக்கின் நடுவில் இருக்கும் பெட்டிக்கு அந்தக் காற்று போவதே இல்லை.

“அப்போ மைனஸ் 25 செட் பண்ணா சீக்கிரம் இறங்கும்ல?” இறங்காது. சரக்கு சூடாக இருந்தால் மைனஸ் 18 வைத்தாலும் மெஷின் முழுமூச்சாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும். அதற்கு மேல் ஓட அதனிடம் சக்தி இல்லை. ஆட்டோவுக்கு ஸ்பீடாமீட்டரில் 120 எழுதி ஒட்டினால் 120-இல் ஓடுமா? அதே கதை. மெள்ள மெள்ள நாள்கணக்கில் உறைந்தால் இன்னொரு கேடும் உண்டு. ஐஸ் பெரிய பெரிய படிகமாகக் கட்டி, உருகும்போது சரக்கு தண்ணீராக விடும். இறால் பிளாண்ட் வைத்திருப்பவர்களுக்கு இதை நான் சொல்லித் தர வேண்டாம்.

நம் ஊர் ஐஸ் ஹவுஸையே எடுத்துக்கொள்ளுங்கள். திருவல்லிக்கேணிக் கடற்கரையில், இப்போது விவேகானந்தர் இல்லமாக இருக்கும் அந்தக் கட்டடம் 1842-இல் கட்டியது. அமெரிக்காவின் பாஸ்டனிலிருந்து டியூடர் கம்பெனி கப்பலில் கொண்டுவந்த ஐஸ்கட்டியை அதில்தான் வைத்தார்கள். சூயஸ் கால்வாய் இல்லாத காலம். ஆப்பிரிக்காவைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு தடவை தாண்டி, மாதக்கணக்கில் வந்தது. கப்பலில் மெஷின் கிடையாது, மரத்தூள்தான். வழியில் கணிசமாகக் கரைந்திருக்கும், ஆனாலும் மிச்சம் ஐஸாகவே வந்து சேர்ந்தது. ஏனென்றால் ஏற்றும்போதே அது ஐஸ். நீங்கள் பாதி உறைந்த தேங்காயை ஏற்றிவிட்டு, மரத்தூளைவிட ஆயிரம் மடங்கு விலையான பெட்டியைக் குறை சொல்கிறீர்கள்.

அடுத்த வியாதி, காலிக் கண்டெய்னரை முன்கூட்டியே குளிர வைத்து அனுப்பச் சொல்வது. கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கோல்டு ஸ்டோரேஜ் கதவோடு கண்டெய்னர் வாய் இடைவெளி இல்லாமல் பொருந்துகிற டாக் இருந்தால் தாராளமாகச் செய்யுங்கள். திறந்த முற்றத்தில் ஏற்றுபவர்கள் செய்யாதீர்கள். சென்னைக் காற்றில் உள்ள ஈரம் தெரியும்தானே? கதவைத் திறந்த நிமிஷத்தில் அந்த ஈரமெல்லாம் உள்ளே புகுந்து சுவரிலும் தரையிலும் வேர்க்கும், மெஷினின் குளிர்க் குழாயில் (காயில்) பனியாகப் படியும். அப்புறம் மெஷின் சரக்கைக் கவனிக்காமல் அந்தப் பனியை உருக்கி டிஃப்ராஸ்ட் பண்ணிக்கொண்டே கிடக்கும். ஏற்றும் நேரம் முழுக்க மெஷினை அணைத்து வையுங்கள். கதவைச் சாத்திய பிறகு போடுங்கள். வெயில் தாழ ஏற்றுங்கள். டீ குடிக்கப் போகிறவர்கள் கதவைச் சாத்திவிட்டுப் போகட்டும். இதற்கும் ஒரு சர்வேயர் வந்து சொல்ல வேண்டுமா?

அடுக்குவதைப் பற்றி. தரையில் நீளநீளமாக வரப்பு மாதிரி ஓடுகிறதே, அது வழுக்காமல் இருப்பதற்கு இல்லை. குளிர்காற்று போகும் வாய்க்கால். அதன்மேல் பிளாஸ்டிக் ஷீட் விரிக்காதீர்கள். சுவரில் சிவப்புக் கோடு இருக்கும். அதற்கு மேல் ஒரு பெட்டிகூட ஏறக் கூடாது, “ரெண்டு பெட்டிதானே அண்ணே” என்றாலும். கதவோரத் தரை காலியாக மிஞ்சினால் அட்டையால் மூடுங்கள். இல்லாவிட்டால் காற்று குறுக்கு வழியில் மேலேறித் திரும்பிவிடும்.

கோயம்பேட்டிலிருந்து காய், பழம் அனுப்புகிறவர்களுக்கு வேறு தலைவலி. பறித்த வாழைக்காய்க்கும் உயிர் உண்டு. மூச்சு விடும், சூடு கிளப்பும். அதனால் ஃப்ரோசனுக்கு மூடி வைக்கிற காற்றுத் துவாரம் இதற்குத் திறந்திருக்க வேண்டும். எவ்வளவு என்பதைப் புக்கிங்கிலேயே எழுதிக் கொடுங்கள். பெட்டிகளுக்கு உள்ளேயும் காற்று போக வேண்டும். வாழைக்காய்க்கு 13, 14 டிகிரி. இன்னும் குளிராக வைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று குறைத்தால் தோல் கறுத்துப்போகும், பழுக்கவும் மறுக்கும். பழுக்கிற மாம்பழம் விடும் வாயு கீரையைக் கெடுக்கும்; இரண்டையும் ஒரே கண்டெய்னரில் போட்டுவிட்டு, கீரை ஏன் மஞ்சளாச்சு என்று என்னிடம் கேட்கிறார்கள்.

ஒரு சின்னக் கோடு பற்றியும் சொல்லிவிடுகிறேன். டாக்குமெண்டில் வெறும் 18 என்று எழுதி, மைனஸ் போட மறந்தால், பெட்டி சமர்த்தாகப் பிளஸ் 18-இல் ஓடும். சிரிக்காதீர்கள், நடக்கிறது. மைனஸ், பிளஸ் இரண்டையும் எழுத்தாலும் எழுதுங்கள்.

இன்சூரன்ஸ் இருக்கிறதே என்று தைரியமாக இருப்பவர்கள் பாலிசியைப் படித்துப் பாருங்கள். பல ஃப்ரோசன் பாலிசிகளில் மெஷின் தொடர்ந்து 24 மணி நேரம் நின்றிருந்தால்தான் டெம்பரேச்சர் நஷ்டத்துக்குப் பணம். ஏற்றும்போதே சரக்கு சரியில்லை என்றால் அது உங்கள் குறை. மறைக்கவும் முடியாது. சப்ளை ஏர் (மெஷின் உள்ளே அனுப்பும் காற்று), ரிட்டர்ன் ஏர், கரண்ட் எப்போது போனது, எப்போது வந்தது, எல்லாவற்றையும் பெட்டி தானே பதிந்து வைத்துக்கொள்ளும். எண்ணூர் எக்ஸ்பிரஸ் ரோட்டில் ட்ரெய்லர் வரிசையில் நின்ற நேரம் டீசல் மிச்சம் பிடிக்க, கண்டெய்னருக்குக் கரண்ட் கொடுக்கும் ஜென்செட்டை அணைத்ததும் அதில் இருக்கும். டிரைவர் தம்பிகளே, அதையும் நான் பார்க்கிறேன்.

அந்தப் பையனின் பெட்டியில் முதல் மணி நேரத்திலிருந்தே கதை தெளிவாக எழுதியிருந்தது. பரோட்டா பிழைத்தது. தேங்காயை மறுபடி உறைய வைத்து அனுப்பலாமா என்று கேட்டான். வேண்டாம்ப்பா, சாப்பிடுகிறவனும் ஒரு பிள்ளையைப் பெற்றவன்தான் என்றேன். ஒன்றும் பேசாமல் இறக்கச் சொல்லிவிட்டான். அந்த ஒரு விஷயத்துக்காகவே அவனைப் பிடித்துப்போய், நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

நேற்று ராத்திரி போன் பண்ணினான். “சார், தெர்மாமீட்டர் வாங்கிட்டேன். அடுத்த லோடு ரெடி. மைனஸ் 19 காட்டுது.”

“எந்த இடத்துல வச்சுப் பார்த்தே?”

“இது கன் மாடல் சார். பெட்டி மேல அடிச்சா போதும்.”

இன்று காலை என் டிரில்லை எடுத்துக்கொண்டு அவன் குடோனுக்குப் புறப்படுகிறேன்.