குவைத்தின் தார்ப் பாலையும் சட்டத்தில் ஒரு ‘உம்’மும்

1991 பிப்ரவரியில் குவைத்தை விட்டுப் பின்வாங்கிய ஈராக் படை, 600-க்கும் மேற்பட்ட எண்ணெய்க் கிணறுகளைக் கொளுத்திவிட்டுப் போனது. கடைசிக் கிணற்றை அடைக்க நவம்பர் 6 ஆகிவிட்டது. எரியாமல் பீறிட்ட எண்ணெய் பள்ளங்களில் ஏரி ஏரியாகத் தேங்கியது. புகைக்கரியும் எண்ணெய்த் துளிகளும் காற்றில் வந்து விழுந்து, மணலோடு சேர்ந்து இறுகின. தார் ரோடு போட்டதுபோல் பாலை மண்ணின் மேல் ஒரு கறுப்பு ஓடு.

இதைத் தடுக்கச் சட்டம் இல்லையா? இருந்தது. வியட்நாமில் அமெரிக்கா காடுகள் மேல் களைக்கொல்லி தெளித்ததையும் மேகங்களில் ரசாயனம் தூவி மழையைக் கூட்டப் பார்த்ததையும் கண்ட பிறகு, உலக நாடுகள் இரண்டு ஒப்பந்தங்கள் போட்டன. 1976 ஒப்பந்தம், இயற்கையின் போக்கை மாற்றி அதையே ஆயுதமாக்குவதைத் தடுக்கிறது. 1977-ல், போர் விதிகளைச் சொல்லும் ஜெனீவா ஒப்பந்தங்களோடு சேர்க்கப்பட்ட கூடுதல் நெறிமுறை, இயற்கைக்குப் பெருஞ்சேதம் விளைவிக்கும் போர்முறைகளைத் தடுக்கிறது.

இரண்டுக்கும் அளவுகோல் மூன்றுதான்: சேதத்தின் பரப்பு, அது நீடிக்கும் காலம், அதன் கடுமை. முதல் ஒப்பந்தத்தில் மூன்றில் ஒன்று தேறினாலே குற்றம். காலம் என்றால் சில மாதங்கள் போதும். இரண்டாவதில் பரப்பும் காலமும் கடுமையும் என மூன்றுமே தேற வேண்டும். அதை எழுதியவர்கள் மனத்தில் இருந்த காலக் கணக்கோ பல பத்தாண்டுகள். அந்த ஒரு ‘உம்’மில்தான் எத்தனையோ வழக்குகள் தொடங்காமலே முடங்கிப்போகும். சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தை உருவாக்கிய 1998-ன் ரோம் சட்டமும் அதை அப்படியே எடுத்துக்கொண்டது எனக்குப் பெரிய வருத்தம். போதாததற்கு, 1991-ல் ஈராக் அந்த நெறிமுறையில் சேரவே இல்லை.

சரி, அப்புறம் எப்படிக் கணக்குத் தீர்த்தார்கள்? ஐ.நா. பாதுகாப்பு அவை தன் 687-ஆம் தீர்மானத்தில் வேறு வழி பிடித்தது. படையெடுப்பே சட்டவிரோதம், ஆகவே அதனால் நேரடியாக வந்த எல்லாச் சேதத்துக்கும், சுற்றுச்சூழல் சேதம் உட்பட, ஈராக்தான் பொறுப்பு. மூன்று அளவுகோலையும் தாண்டியாக வேண்டும் என்ற கட்டாயமே எழவில்லை.

ஜெனீவாவில் இழப்பீட்டு ஆணையம் அமைந்தது. அது செய்த புத்திசாலித்தனமான காரியம், சேதத்தை அளப்பதற்கே முதலில் பணம் கொடுத்தது. அளக்காமல் எப்படி நிரூபிப்பது? நிலத்தடி நீர், கடற்கரைச் சேறு என்று எல்லாவற்றையும் சோதித்தார்கள். போருக்குத் தப்பி வந்தவர்களின் ஆடுகள் மேய்ந்து மொட்டையான ஜோர்டானின் மேய்ச்சல் நிலத்துக்குக்கூட இழப்பீடு கிடைத்தது! சுற்றுச்சூழலுக்கென்று மட்டும் 500 கோடி டாலருக்கு மேல் வழங்கத் தீர்ப்பானது. எண்ணெய் விற்ற வருமானத்தில் ஒரு பங்கை ஒதுக்கி ஒதுக்கி, மொத்த இழப்பீட்டையும் ஈராக் கட்டி முடித்தது 2022-ல்.

மண்ணின் கணக்கு இன்னும் தீரவில்லை. எண்ணெய் ஊறிய மண்ணைத் தோண்டிச் சுத்தம் செய்ய 2021-லும் குவைத்தில் புது ஒப்பந்தங்கள் போட்டார்கள்.