சீபிளேன் என்பது கடல் விமானம் அல்ல

‘கடல் விமானம் ஏரியில் இறங்கியது.’

போன வாரம் ஒரு ஆவணப்படத்தின் தமிழ் வரிகளைச் சரிபார்த்துத் தரச் சொல்லி நண்பர் ஒருவர் அனுப்பியிருந்தார். அதில் ஏழாவது நிமிடத்தில் வருகிற வரி இது. கடல் விமானம் ஏரியில் எதற்கு இறங்கியது, வழி தவறி வந்துவிட்டதா? அடுத்த காட்சியில் அதே ஏரியிலிருந்து ‘கடல் விமானம்’ மறுபடி கிளம்புகிறது. ‘சீபிளேன்’, அதாவது தண்ணீரில் இறங்கி எழும்பும் விமானத்துக்குத் தமிழில் வைத்திருக்கும் இந்தச் சொல்லைச் செய்திகளில் பல வருடங்களாகப் பார்த்துப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவன் நான். இந்த முறை எழுதிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன்.

படம் கிளென் கர்ட்டிஸைப் பற்றியது. அமெரிக்காவில் நீரில் இறங்கும் விமானத்தை முதலில் தொழிலாகச் செய்து விற்றவர். 1878-இல் நியூயார்க் மாநிலத்தின் ஹாமண்ட்ஸ்போர்ட்டில் பிறந்தார். சைக்கிள் கடை, அப்புறம் மோட்டார் சைக்கிள், அப்புறம் விமான எஞ்சின், கடைசியில் விமானம் என்று படிப்படியாக வந்தவர். ஹாமண்ட்ஸ்போர்ட் சுற்றிலும் திராட்சைத் தோட்டங்கள் உள்ள சிற்றூர். கியூக்கா ஏரியின் கரையில் இருக்கிறது. அங்கிருந்து கடலைப் பார்க்க நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போகவேண்டும். பெரிய தொழிற்சாலை பின்னாளில் பஃபலோவுக்குப் போனது. அதுவும் ஈரி ஏரிக்கரை. ஆக ஏரியிலே பிறந்து ஏரியிலே வளர்ந்த ஒரு பொருளுக்குத் தமிழில் நாம் கடலைக் கட்டிவிட்டிருக்கிறோம்.

சொல்லின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கர்ட்டிஸ் காலத்தில் அமெரிக்காவில் இதற்குப் பெயர் ‘ஹைட்ரோஏரோபிளேன்’. ஹைட்ரோ என்றால் கிரேக்கத்தில் நீர். சொல் நீளமாகவும் வாயில் நுழையாததாகவும் இருந்தது. 1913-இல், பிரிட்டிஷ் கடற்படை அமைச்சராக இருந்த சர்ச்சில்தான் ‘சீபிளேன்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார் என்பார்கள். கடற்படைக்காரர்களுக்கு எல்லாம் கடலாகத்தான் தெரியும், அதில் தப்பில்லை. பிரெஞ்சில் ‘ஹைட்ராவியோன்’, ஜெர்மனில் ‘வாஸர்ஃப்ளூக்ட்ஸாய்க்’, இத்தாலியனில் ‘இத்ரோவோலாந்தே’. மூன்றிலும் இருப்பது நீர்தான், கடல் இல்லை. இவற்றில் ஆங்கிலம் ஒன்றுதான் கடல் என்றது, அதுவும் ஒரு துறையின் கண்ணோட்டத்தால். நாம் பெயர்த்தெடுத்தது சரியாக அந்த ஒன்றை.

இனி ‘கடல் விமானம்’ என்பவர்களோடு என் வழக்கு.

முதல் மறுப்பு இப்படி வரும்: “கடலிலும் இறங்குகிறதே, அப்படிச் சொன்னால் என்ன?” கடலில் இறங்கும், ஒப்புக்கொள்கிறேன். 1911 ஜனவரி 26 அன்று கர்ட்டிஸ் முதல்முதலாக வெற்றிகரமாகத் தண்ணீரிலிருந்து எழும்பியதே சான் டியாகோ விரிகுடாவில்தான், உப்புத் தண்ணீரில். ஆனால் தமிழில் ‘கடல்’ என்ற முன்னொட்டு அத்தனை தளர்வானது அல்ல. கடற்பசு கடலில் மட்டும் இருக்கிறது. கடற்குதிரையும் அப்படித்தான். கடலிலும் ஏரியிலும் ஒருசேர மீன் பிடிக்கிற பறவைக்கு நம் ஆட்கள் என்ன பெயர் வைத்தார்கள்? நீர்க்காகம். நீர்நாய், நீர்க்கோழி, நீர்மூழ்கி என்று வரிசையாக இருக்கின்றன. எந்தத் தண்ணீர் என்று கட்டுப்படுத்த வேண்டாத இடத்தில் ‘நீர்’ போடுவது இந்த மொழியின் பழைய பழக்கம். அதை விட்டுவிட்டு அகராதியின் முதல் பொருளைப் பிடித்துக்கொள்வானேன்?

இரண்டாவது விஷயம் இதைவிடத் தீவிரமானது. ‘கடல் விமானம்’ என்றால் கேட்பவருக்கு என்ன தோன்றும்? பலருக்குக் கடற்படை விமானம்தான் தோன்றும். இந்தக் குழப்பத்துக்கு அந்த ஆவணப்படத்திலேயே அருமையான சாட்சி இருந்தது. 1911 ஜனவரி 18 அன்று யூஜீன் ஈலி என்பவர் கர்ட்டிஸ் நிறுவனத்தின் விமானம் ஒன்றை சான் ஃபிரான்சிஸ்கோ விரிகுடாவில் நின்ற பென்சில்வேனியா என்ற போர்க்கப்பலின் மேல்தளத்தில் இறக்கினார். சக்கரம் வைத்த, நிலத்துக்கான விமானம். ஒரு மாதம் கழித்து, பிப்ரவரி 17 அன்று, கர்ட்டிஸ் தன் புது விமானத்தை அதே கப்பலின் அருகே தண்ணீரில் கொண்டுவந்து நிறுத்தினார். பாரந்தூக்கியால் மேலே ஏற்றி, மறுபடி தண்ணீரில் இறக்கிவிட்டார்கள். கப்பல் ஒன்று, நிறுவனம் ஒன்று, விமானம் இரண்டு. தமிழ் வரிகளில் இரண்டுமே ‘கடல் விமானம்’! கர்ட்டிஸின் சாதனை இரண்டாவதில்தான் இருக்கிறது. கப்பலில் தளம் கட்டவேண்டாம், தண்ணீரே ஓடுதளம் என்று காட்டினார். அந்த வேறுபாட்டையே சொல் விழுங்கிவிட்டது. படம் பார்ப்பவர் “அதான் ஏற்கெனவே இறக்கிட்டாங்களே” என்று கேட்டால் யார் பதில் சொல்வது?

தூய தமிழ் அன்பர்கள் இன்னொரு பக்கம் இழுப்பார்கள். ‘விமானம்’ வடசொல், ‘வானூர்தி’ என்று சொல் என்பார்கள். புறநானூற்றிலேயே ‘வலவன் ஏவா வானவூர்தி’ இருக்கிறது, எனக்கும் அந்தச் சொல்மேல் ஆசைதான். தஞ்சாவூரில் நின்று விமானம் என்றால் ராஜராஜன் கட்டியதைத்தான் அண்ணாந்து பார்க்கவேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் ‘நீர்வானூர்தி’ என்று ஒட்டினால் நீரும் வானும் முட்டிக்கொண்டு நிற்கின்றன, மழை மேகம் மாதிரி ஏதோ நினைவுக்கு வருகிறது. விமானம் நம்மிடம் வந்து நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இருக்கட்டும். என் ஓட்டு ‘நீர்விமானம்’. தீயணைக்கத் தண்ணீர் கொட்டும் விமானம் என்று யாராவது நினைக்கக்கூடும் என்பது அதன் குறை. தெரிந்தேதான் சொல்கிறேன். ‘கடல் விமானம்’ செய்யும் கெடுதலுக்கு இது எவ்வளவோ தேவலை.

நீர்விமானம் பொதுப்பெயர். அதற்குள் வகைகள் உண்டு. விமானத்தின் அடியில் சக்கரத்துக்குப் பதில் மிதவை கட்டியது ‘மிதவை விமானம்’. இதில் சண்டை எதுவும் இல்லை. அமெரிக்கக் கடற்படை வாங்கிய முதல் விமானமான கர்ட்டிஸின் ‘டிரையட்’ 1911 ஜூலை 1 அன்று பறந்தது, வேறெங்கே, கியூக்கா ஏரியில்தான். மிதவையோடு சக்கரமும் பொருத்தலாம் என்பதால் நிலம், நீர், வானம் மூன்றுக்கும் சேர்த்து அந்தப் பெயர். இந்த மாதிரியை ‘நிலநீர் விமானம்’ என்றால் போதும். ‘ஈரூடக விமானம்’ என்று எழுதுகிறவர்களுக்கு ஊடகம் என்றால் இன்று தொலைக்காட்சி என்பது மறந்துபோகிறது.

மிதவை இல்லாமல், விமானத்தின் உடலே படகாக அமைந்தது ‘பறக்கும் படகு’. கர்ட்டிஸ் 1912-இல் இதைச் செய்துகாட்டினார். இதைப் ‘படகு விமானம்’ என்று திருத்துகிறார்கள் சிலர். தேவையில்லை. தமிழில் கடைசியில் நிற்கும் சொல்தான் பொருளின் தலை. இது முதலில் படகுதானா என்று கேட்டால், ஆமாம் என்று 1919-ஆம் வருடமே சாட்சி சொல்கிறது. அந்த மே மாதம் கர்ட்டிஸ் நிறுவனமும் கடற்படையும் சேர்ந்து உருவாக்கிய மூன்று பறக்கும் படகுகள் அட்லாண்டிக்கைத் தாண்டக் கிளம்பின. அவற்றில் என்.சி.-4 மட்டும் நடு அட்லாண்டிக்கில் உள்ள அசோர்ஸ் தீவுகளில் இறங்கி, மே 27 அன்று போர்ச்சுகலின் லிஸ்பனை அடைந்தது. அட்லாண்டிக்கைக் கடந்த முதல் விமானம் அதுதான். எனக்குப் பிடித்தது என்.சி.-3. நடுக்கடலில் இறங்கி, மறுபடி எழும்ப முடியாமல், சுமார் 200 மைல் அலைகளின் மேலேயே மிதந்து தவழ்ந்து அசோர்ஸ் துறைமுகம் போய்ச் சேர்ந்தது. இதைப் படகு என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நம் பக்கத்திலும் பறக்கும் படகுகள் வந்திருக்கின்றன, கர்ட்டிஸுடையவை அல்ல என்றாலும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்காவின் கன்சாலிடேட்டட் நிறுவனம் செய்த கேட்டலினாக்கள் இலங்கையில் கொக்கலையிலும், சென்னையில் செங்குன்றத்திலும் தளம் கொண்டிருந்தன. இரண்டு இடத்திலும் அவை இறங்கியது ஏரித் தண்ணீரில். செங்குன்றம் ஏரியில் கடல் விமானம் என்று எழுதிப் பாருங்கள், உங்களுக்கே சிரிப்பு வரும்.

இவ்வளவு பேசியும், அந்த ஆவணப்படத்தில் என்னை உட்காரவிடாமல் செய்தது வேறொரு வரி. ‘மேலோட்டின் மீதான நடவடிக்கை விமானம் எழும்ப உதவியது.’ அரை மணி நேரம் குழம்பினேன். யார் மேல் நடவடிக்கை எடுத்தார்கள்? அப்புறம்தான் புரிந்தது. மேலோடு என்று எழுதியது படகின் அடியுடலை, ஆங்கிலத்தில் ‘ஹல்’. நடவடிக்கை என்று எழுதியது அதில் வெட்டியிருக்கும் படியை, ஆங்கிலத்தில் ‘ஸ்டெப்’! ஈர டம்ளரைக் கண்ணாடி மேசையிலிருந்து தூக்கினால் ஒட்டிக்கொண்டு வராமல் அடம்பிடிக்கும் இல்லையா? வழவழப்பான படகு அடியையும் தண்ணீர் அப்படித்தான் பிடித்துக்கொள்கிறது. பாதி நீளத்தில் ஒரு படி வெட்டிவிட்டால் அங்கே காற்று புகுந்து பிடி விட்டுப்போகும். 1912-இல் கர்ட்டிஸின் படகு ஒழுங்காக எழும்பியதில் இந்தப் படிக்குப் பெரும் பங்கு உண்டு. ‘அடியுடலில் உள்ள படி’ என்றால் மூன்று சொல்லில் முடிந்தது. படகின் முன்பக்கத்துக்கு அணியம் என்றும் அடிக்கட்டைக்கு ஏரா என்றும் மீனவர்கள் பேசுகிற மொழி இது. படகு பற்றி எழுதும்போது கடற்கரை ஆட்கள் யாரையாவது ஒரு வார்த்தை கேட்கக்கூடாதா? அகராதியில் முதலில் கண்ணில் பட்டதை எடுத்துப் போடுகிறவர்களுக்கு அதற்கெல்லாம் நேரம் இருப்பதில்லை.

பதினாறு திருத்தங்கள் எழுதி அனுப்பினேன். நண்பர் பதினைந்தை ஏற்றுக்கொண்டார். நடவடிக்கை போய்ப் படி வந்துவிட்டது. தலைப்பில் மட்டும் ‘கடல் விமானத்தின் தந்தை’ அப்படியே இருக்கிறது. எழுத்துகளை வரைந்து வண்ணம் தீட்டி முடித்துவிட்டார்களாம்.