இரவல் ஏணியில் ஏறுவதற்கு முன்னால்

டிசம்பர் பிறந்துவிட்டால் பாம்பன், தங்கச்சிமடம், மூக்கையூர் என்று எங்கள் கடற்கரை ஊர்களில் வீட்டுக்கு வீடு ஸ்டார் தொங்கும். மாடிக் கைப்பிடிச் சுவரில் சீரியல் செட் மின்னும். வயரிங் வேலை பார்ப்பவன் என்பதால் அந்த நாட்களில் எனக்கு அடிக்கடி வரும் போன், "அண்ணே, உயரமான ஏணி ஒண்ணு ஒரு நாளைக்குக் கிடைக்குமா?" என்பதுதான். ஏணி கேட்பதில் தப்பே இல்லை. வருஷத்துக்கு ஒரு தடவை தேவைப்படும் சாமானை யாரும் காசு போட்டு வாங்க மாட்டார்கள். ஆனால் சொந்த ஏணி என்றால் எந்தப் படி ஆடும், எந்தக் கால் வழுக்கும் என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கும். இரவல் ஏணி முந்தின நாள் எங்கே விழுந்தது, எந்த லாரியிலிருந்து தூக்கிப் போடப்பட்டது என்று நமக்கு எதுவும் தெரியாது. அதனால் அதைப் பார்த்து வாங்க வேண்டும்.

பந்தல், சாமியானா கடைகளிலும் சென்ட்ரிங் சாமான் வாடகைக்கு விடும் கடைகளிலும் ஏணி கிடைக்கும். தெரிந்த பெயிண்டரிடம் கேட்கலாம். கோயிலில் இருந்தால் பங்குச் சாமியாரிடம் சொல்லி வாங்கலாம். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலைந்து நாளில் போய் நிற்காதீர்கள். அப்போது நல்ல ஏணியெல்லாம் வேலைக்குப் போயிருக்கும், கடையில் கழித்துப் போட்டதுதான் மிஞ்சும். இரண்டாவது வாரத்திலேயே சொல்லி வையுங்கள். பகல் வெளிச்சத்தில் போய் எடுங்கள்.

உயரத்தை முதலில் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 20 அடி ஏணி என்றால் 20 அடியும் ஏறலாம் என்று அர்த்தமில்லை. சாய்த்து வைக்கும் ஏணியில் மேலே உள்ள மூன்று படிகளில் நிற்கக் கூடாது. இழுத்து நீட்டும் ஏணியாக இருந்தால் இரண்டு துண்டும் ஒன்றன்மேல் ஒன்றாக மூன்றடியாவது படிந்திருக்க வேண்டும். மொட்டை மாடிக்கு ஏறி இறங்குவதற்கானால் சுவர் விளிம்புக்கு மேலே மூன்றடி நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஏணி குட்டையாகப் போய், எட்டிப் பிடிக்கும்போதுதான் ஆட்கள் விழுகிறார்கள்.

இனி உப்பு. கடலோரத்தில் கிடக்கும் அலுமினிய ஏணியில் படியும் நிலைக்காலும் சேரும் இடத்தைக் கிட்டப் போய்ப் பாருங்கள். இரும்பு ரிவெட்டைச் சுற்றி வெள்ளையாகப் பவுடர் பூத்திருந்தால் உள்ளே அலுமினியத்தை உப்பு தின்றுகொண்டிருக்கிறது. ரிவெட் தலை முழுசாக இருக்கும், ஆனால் அது பிடித்திருக்கும் ஓட்டை பெரிதாகியிருக்கும். ஏணியைத் தரையில் படுக்க வைத்து ஒவ்வொரு படியையும் கையால் முறுக்கிப் பாருங்கள். துளி அசைந்தாலும் வேண்டாம். இரும்பு ஏணியில் புதிதாகப் பெயிண்ட் அடித்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். அடியில் துருவும் விரிசலும் மறைந்திருக்கலாம். மூங்கில் ஏணியில் கணுவுக்குப் பக்கத்தில் பிளவு இருக்கிறதா, உளுத்து மாவு கொட்டுகிறதா என்று பாருங்கள். கால் அடியில் ரப்பர் புஷ் இல்லாத அலுமினிய ஏணியை டைல்ஸ் தரையில் வைக்கவே கூடாது.

எல்லாவற்றையும்விட என்னைக் கவலைப்படுத்துவது கரண்ட்தான். "மெயினை நிறுத்திட்டோம்ணே, பயமில்ல" என்று சொல்லிக்கொண்டு, போஸ்ட்டிலிருந்து வீட்டுக்கு வரும் சர்வீஸ் வயர் பக்கத்திலேயே அலுமினிய ஏணியைத் தூக்கி நிறுத்துகிறார்கள். வீட்டு மெயினை நிறுத்தினால் மெயினுக்குப் பின்னால் உள்ள வயரிங் மட்டும்தான் நிற்கும். போஸ்ட்டிலிருந்து மீட்டர் வரை வரும் வயரில் கரண்ட் அப்படியே இருக்கும். கரண்ட் கசிந்தால் தானே டிரிப் ஆகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வீட்டில் மாட்டியிருந்தாலும் அங்கே உதவாது, அதுவும் மீட்டருக்கு இந்தப் பக்கம்தானே இருக்கிறது. வெயிலிலும் உப்புக் காற்றிலும் கிடந்த சர்வீஸ் வயரின் மேல்தோல் வெடித்திருப்பதை இங்கே நிறைய வீடுகளில் பார்க்கிறேன். கீழேயிருந்து பார்த்தால் அது தெரியாது. மழையில் நனைந்த மூங்கிலிலும் கரண்ட் பாயும். அதனால் ஏணியைக் கொண்டு வரும்போதும் நிமிர்த்தும்போதும் சாய்க்கும்போதும், அதன் எந்த முனையும் எந்த ஒயருக்கும் பத்தடிக்குள் வரக் கூடாது. ஸ்டார் கட்ட நினைத்த இடம் அந்தப் பத்தடிக்குள் வந்தால் வேறு இடத்தில் கட்டுங்கள். வயர் தோல் உரிந்து தொங்கினால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு 94987 94987 எண்ணில் புகார் கொடுங்கள், நீங்களே டேப் சுற்றப் போகாதீர்கள். அப்புறம், சீரியல் செட்டைத் தரையிலேயே எரியவிட்டுச் சரிபார்த்து, பிளக்கைப் பிடுங்கிய பிறகுதான் மேலே கொண்டு போக வேண்டும். தரையில் நின்றால் கையை உதறிவிட்டுப் போகும் சின்ன ஷாக்கும், பதினைந்து அடி உயரத்தில் ஆளைக் கீழே தள்ளிவிடும்.

தரைக்கு வருவோம். நம் பக்கம் வீட்டு வாசல் பெரும்பாலும் கடல் மணல். ஒரு கால் மட்டும் புதைந்தால் ஏணி பக்கவாட்டில் சரியும், கீழே பிடித்திருப்பவரால் அதை நிறுத்த முடியாது. அகலமான பலகை ஒன்றைச் சமமாகப் போட்டு, கால்கள் அதிலிருந்து நழுவாதபடி கட்டை அடித்து, அதன்மேல் ஏணியை வையுங்கள். நாலடி உயரத்துக்கு ஓரடி என்று ஏணியின் காலைச் சுவரிலிருந்து தள்ளி வைக்க வேண்டும். 16 அடி உயரத்தில் சாய்ந்தால் கால் நாலடி தள்ளி இருக்கும். மேல் முனையைக் கயிற்றால் கட்டிவிடுங்கள். மழை தூறும்போதும் வாடைக்காற்று வீசும்போதும் ஏற வேண்டாம். பழைய பாம்பன் பாலத்தில் ரயில் ஓடிய காலத்தில், காற்று மணிக்கு 58 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டினால் ரயிலையே நிறுத்தி வைத்தார்கள். ஏணி சாய அவ்வளவு காற்று தேவையில்லை.

நான் போகும் வீடுகளில் இன்னொன்றும் சொல்வேன். கப்பியும் கயிறும் நம் ஊரில் எல்லோருக்கும் பழக்கம். இந்த வருஷம் ஏறும்போதே மேலே ஒரு கொக்கி அடித்து, துருப்பிடிக்காத சின்னக் கப்பியை மாட்டி, நைலான் கயிற்றைக் கோத்து விட்டுவிடுங்கள். அடுத்த வருஷம் ஸ்டாரைக் கீழே நின்றே ஏற்றலாம், பல்பு போனால் இறக்கி மாற்றலாம். ஏணிக்கு அலைய வேண்டியதில்லை. கயிறு வெயிலில் நைந்துபோகும், அதை மட்டும் வருஷா வருஷம் மாற்றினால் சரி.

ஏணியைத் திருப்பிக் கொடுக்கும் முன் நல்ல தண்ணீரில் கழுவித் துடைத்துக் கொடுங்கள். ஏதாவது படி ஆடியிருந்தால் கடைக்காரரிடம் சொல்லிவிட்டு, அந்தப் படியில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிட்டு வாருங்கள்.